இயற்கை உற்பாதமும் கட்சிப் பழியும்

(வாசகசாலை ஆண்டு விழாக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம் "இயற்கை உற்பாதமும் கட்சிப் பழியும்" என்பதாகும். வெள்ளமோ, புயலோ, மண்சரிவோ வந்து ஜனங்கள் செத்துப்போன மறுநாளே கட்சிக்காரர்கள் ஒருவர் மேல் ஒருவர் பழி சுமத்திச் சண்டையிடுவதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். ஆட்சியில் இருப்பவர்கள் "இது இயற்கையின் சீற்றம், நாங்கள் என்ன செய்வோம்" என்கிறார்கள். ஆட்சியில் இல்லாதவர்கள் "இது இயற்கையல்ல, இந்த ஆட்சி செய்த கொலை" என்கிறார்கள். அடுத்த தேர்தலில் ஆட்சி கைமாறி அடுத்த வெள்ளமும் வந்துவிட்டால் அவர் பாட்டை இவரும் இவர் பாட்டை அவரும் பாடுகிறார்கள். பாட்டு ஒன்றுதான், பாடுகிறவர்தான் இடம் மாறி உட்காருகிறார்.

நான் எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்கிக்கொண்டு இங்கு வரவில்லை. நான் சொல்லுவதை அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்றும் கேட்கவில்லை. வருஷம், தேதி, கணக்கு ஆகியவற்றோடு சொல்லுகிறேன். வீட்டுக்குப் போய் ஒத்திட்டுப் பார்த்துச் சரியென்று பட்டால் கொள்ளுங்கள்; இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

தெய்வத்தின் பேரால் பழி

தோழர்களே! ஆபத்து வந்தால் யார் மேலாவது பழி போடுவது மனிதனுக்குப் பழைய வழக்கம். அம்மை வந்தால் மாரியாத்தாளுக்குக் கோபம் என்றார்கள். மழை பொய்த்தால் அரசன் செங்கோல் கோணிற்று என்றார்கள். அல்லது ஊரில் எவளோ ஒருத்தி கற்புத் தவறினாள் என்றார்கள். எத்தனையோ தலைமுறையாகக் கூழ் ஊற்றியும், வேப்பிலை கட்டியும் பெரியம்மை போகவில்லை. அம்மை குத்திக்கொள்ள ஜனங்கள் பழகிய பிறகுதான் அது ஒழிந்தது. 1980ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் பெரியம்மை உலகத்தில் எங்கும் இல்லை என்று அறிவித்தது. காரணத்தைத் தேடினவனால் காரியம் ஆயிற்று; பழியைத் தேடினவனால் பூசாரிக்குத் தட்சணை ஆயிற்று.

இது பாமர மக்களுடைய மூடநம்பிக்கை மாத்திரம் என்று எண்ணிவிடாதீர்கள். 1934ம் வருஷம் ஜனவரி 15ந் தேதி பீகாரிலும் நேபாளத்திலும் பெரும் பூகம்பம் ஏற்பட்டுப் பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அச்சமயம் காந்தியார் நம் நாட்டில் ஹரிஜன சுற்றுப்பிரயாணத்தில் இருந்தார். ஜனவரி 24ந் தேதி திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்னும் பாவத்துக்காகக் கடவுள் அனுப்பிய தண்டனையாகவே அந்தப் பூகம்பத்தைக் கருதுவதாகச் சொன்னார். தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை உண்டா? கிடையாது. ஆனால் பூமிக்கு அடியில் பாறை பெயர்வதற்கும் பூமிக்கு மேல் மனிதன் செய்யும் அக்கிரமத்துக்கும் என்ன சம்பந்தம்? இடிந்து விழுந்த சுவர்களுக்குக் கீழே தீண்டப்படாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களும் கிடந்தார்களே, அவர்கள் செய்த பாவம் என்ன?

இரவீந்திரநாத தாகூர் காந்தியாரிடம் மிகுந்த மரியாதை உள்ளவர், தீண்டாமையையும் வெறுத்தவர். அவரே இதை மறுத்து எழுதினார். இம்மாதிரி வாதத்தை எதிர்க் கட்சியார் இன்னும் லேசாகத் தங்கள் பக்கம் திருப்பிக்கொள்ளலாமே என்பது அவர் காட்டிய ஆட்சேபணைகளில் ஒன்று. வாஸ்தவந்தானே! "தீண்டாமையை ஒழிக்கப் புறப்பட்டதால்தான் பூமி அதிர்ந்தது" என்று ஒரு வைதிகன் சொன்னால் அவனை எதைக் கொண்டு மறுப்பது?

இதிலிருந்து நமக்கு ஓர் அளவுகோல் கிடைக்கிறது. யார் வேண்டுமானாலும், யார் மேல் வேண்டுமானாலும், ஒரு சொல்லும் மாற்றாமல் திருப்பிப் போடக்கூடிய பழி எதுவோ, அது காரணத்தைச் சொல்லும் பழியல்ல. இந்தக் கோலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய கட்சிகளை இதனால் அளந்து பார்ப்போம்.

கட்சியின் பேரால் பழி

2015ம் வருஷம் டிசம்பர் 1ந் தேதி சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பெய்தது. 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று இரவு வினாடிக்கு 29,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. அடையாற்றங்கரையில் ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்தபோது தண்ணீர் வீட்டுக்குள் இருந்தது. பலர் எழுந்திருக்கவே இல்லை.

அப்பொழுது ஆண்டது அ.தி.மு.க. அவர்கள் சொன்னது என்ன? "நூறாண்டு காணாத மழை" என்றார்கள். எதிர்க்கட்சியாயிருந்த தி.மு.க. முதலானோர் சொன்னது என்ன? "மேலிடத்து உத்தரவுக்குக் காத்திருந்து, திறக்க வேண்டிய காலத்தில் திறக்காமல், திறக்கக்கூடாத அளவில் திறந்து கொன்றார்கள்" என்றார்கள். இதற்கிடையில் வெளியூர்களிலிருந்து வந்த நிவாரணப் பொட்டலங்களின் மேல் முதன்மந்திரியின் படத்தை ஒட்டிய பிறகே போகவிடுகிறார்கள் என்று தொண்டர்கள் முறையிட்டதைப் பத்திரிகைகள் எழுதின. அரிசிக்கு வந்தவன் கண்ணில் முதலில் பட வேண்டியது அரிசியா, படமா?

2016 மே மாதம் தேர்தல் நடந்தது. அதே கட்சி மறுபடியும் ஆட்சிக்கு வந்தது. அத்தோடு மேடைகளில் வெள்ளப் பேச்சும் வடிந்துபோயிற்று. ஆனால் கட்சி சாராத கணக்குத் தணிக்கை அதிகாரி விசாரித்து எழுதிய அறிக்கை ஒன்று 2018 ஜூலையில் சட்டசபையில் வைக்கப்பட்டது. 289 பேர் இறந்த அந்த உற்பாதம் மனிதனால் விளைந்தது என்று அது சொல்லிற்று. செம்பரம்பாக்கத்தில் நீர் திறந்துவிட்ட முறையையும் கண்டித்தது. வேறு சிலர், செம்பரம்பாக்கத்து நீர் மாத்திரம் அல்ல, ஆதனூர், மணிமங்கலம், சோமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரி நீரும் அடையாற்றில்தான் வந்து சேர்ந்தது, அதற்கு மதகு கிடையாது என்று எடுத்துக்காட்டினார்கள். இரண்டில் எவ்வளவு எதனால் வந்தது என்பது கணக்குப் போட்டுத் தீர்க்க வேண்டிய விஷயம். மேடையில் தொண்டை கிழியக் கத்தித் தீர்க்கிற விஷயமா அது?

நிற்க. 2021 மே மாதத்தில் ஆட்சி தி.மு.க.வின் கைக்கு வந்தது. அவ்வாண்டு நவம்பர் மழையில் தியாகராய நகர் மூழ்கியபோது புதிய ஆட்சியார், "முந்தின ஆட்சியார் ஸ்மார்ட் சிட்டி வேலையில் செய்த முறைகேடு இது" என்றார்கள். ஆட்சிக்கு வந்து ஆறு மாதமே ஆனவர்கள் அப்படிச் சொல்லுவதில் ஏதோ நியாயம் உண்டென்றே வைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர் எல்லாம் மறுபடியும் மூழ்கின. ஆளுங்கட்சியார் இப்பொழுது என்ன சொன்னார்கள்? "47 ஆண்டுகள் காணாத மழை" என்றார்கள். அ.தி.மு.க.வார் என்ன சொன்னார்கள்? "வடிகாலுக்குச் செலவழித்த 4,000 கோடி எங்கே?" என்றார்கள். நூறு என்ற இடத்தில் நாற்பத்தேழு. மற்றதெல்லாம் அதே பாட்டு!

இன்னொன்றையும் கவனியுங்கள். 2021 வெள்ளத்துக்குப் பிறகு சர்க்காரே ஓய்வுபெற்ற அதிகாரி திருப்புகழ் தலைமையில் ஒரு நிபுணர் குழுவை ஏற்படுத்திற்று. அது தன் அறிக்கையை 2023 மார்ச் மாதத்தில் கொடுத்தது. ஒன்பது மாதம் கழித்து வெள்ளம் வந்தபோது அவ்வறிக்கை பொதுமக்கள் கையில் இல்லை. ஜனங்களுடைய வரிப்பணத்தில், ஜனங்களுடைய உயிரைப்பற்றி எழுதிய அறிக்கையை ஜனங்கள் பார்க்கக்கூடாதென்றால் அது யாருக்காக எழுதப்பட்டது என்று கேட்கிறேன்.

அதே மாதம் 17, 18 தேதிகளில் தென் ஜில்லாக்களில் மழை கொட்டிற்று. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர்! ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்று, சுமார் 800 பேர் நான்கு பக்கமும் தண்ணீருக்கு நடுவே தவித்தார்கள். இச்சமயம் சண்டை மாநிலத்துக்கும் டில்லிக்கும். மத்திய நிதிமந்திரி, "12ந் தேதியே எச்சரித்தாயிற்று" என்றார். மாநில முதன்மந்திரி, "எச்சரிக்கை தாமதமாய் வந்தது, பெய்த மழையோ சொன்னதைவிட எத்தனையோ மடங்கு" என்றார். 2024 ஜூலை 30ந் தேதி கேரளத்தில் வயநாட்டு மலை சரிந்து நூற்றுக்கணக்கானவர் மண்ணில் புதைந்தபோதும் இதே வழக்குத்தான். "23ந் தேதியே சொன்னோம்" என்றார் டில்லி மந்திரி. "சொன்னது வேறு, நடந்தது வேறு" என்றார் அம்மாநில முதன்மந்திரி. பிணத்தை எடுக்குமுன் தேதியை எடுத்துக்கொண்டு சண்டை! மழையை முன்கூட்டிக் கணிக்கும் இலாகாவும், அதைக் கேட்டு ஜனங்களை அப்புறப்படுத்தும் இலாகாவும் ஒன்றோடொன்று எவ்விதம் பேசிக்கொள்ள வேண்டும் என்ற கேள்வி அந்தச் சண்டையில் எங்கோ அடித்துக்கொண்டு போயிற்று.

ஏரியை விழுங்கியது எந்தக் கட்சி?

சரி, மூழ்கின இடங்கள் ஏன் மூழ்கின என்று பார்ப்போம். தியாகராய நகர் இருக்கும் இடம் ஒரு காலத்தில் ஏரி. நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரன் அதை நீண்ட ஏரி என்றான். 1920களில் அதை வடித்து வீட்டுமனை போட்டது யார் ஆட்சியில்? நம்மவர்கள் என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஜஸ்டிஸ் கட்சியின் ஆட்சியில். அக்கட்சியின் தலைவர் தியாகராயரின் பெயரையே அந்த நகருக்கு வைத்தார்கள். நுங்கம்பாக்கம் ஏரியில் மிச்சமிருந்த இடத்தில் வள்ளுவர் கோட்டம் எழும்பியது தி.மு.க. ஆட்சியில். பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டுப் பறக்கும் ரயிலுக்கு ஸ்டேஷன் கட்டியது ரயில்வே. அடையாற்றின் குறுக்கே விமானத்துக்கு இரண்டாவது ஓடுபாதை போட்டது மத்திய சர்க்காரின் ஸ்தாபனம். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் ஒரு காலத்தில் சுமார் 50 சதுர கிலோமீட்டர் இருந்ததென்றும், இன்று பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறதென்றும் கணக்கிடுகிறார்கள். அதன் மேல் குப்பை கொட்டியதும், சாலை போட்டதும், கம்பெனிகளுக்கு இடம் கொடுத்ததும் இரண்டு திராவிடக் கட்சிகளும் மாறி மாறி ஆண்ட காலத்தில்.

ஆகவே தோழர்களே, ஏரியை விழுங்கின விஷயத்தில் எந்தக் கட்சிக்கும் வேற்றுமையில்லை. எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வெள்ளம் வந்த அன்று மாத்திரம் இலையை எடுத்து அடுத்தவன் முன்னால் தள்ளுகிறார்கள். இதனால்தான் ஒரு கட்சியும் "இந்தப் பள்ளத்தில் மனை போட அனுமதி கொடுத்த உத்தரவு எது, கையெழுத்து யாருடையது?" என்று கேட்பதில்லை. கேட்டால் கோப்பின் அடுத்த பக்கத்தில் தன் கையெழுத்தே இருக்குமோ என்ற பயம்! "நீ கொலைகாரன்" என்று பொதுவாகத் திட்டினால் அந்தப் பயம் இல்லை.

பழியில் அகப்பட்டவன் யார்?

இத்தனை சண்டைக்கும் முடிவில் தண்டனை அடைந்தவன் ஒருவன் உண்டு. அவன் மந்திரியல்ல, அதிகாரியல்ல, மனை விற்றவனும் அல்ல. கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைக்காரன்! "ஆக்கிரமிப்பு" என்ற ஒரு சொல்லில் எல்லாக் கட்சியும் ஒற்றுமையாயின. 2015க்குப் பிறகு ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஆற்றோரத்திலிருந்து பெயர்த்துப் பெரும்பாக்கம் முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. முன்பே அப்படி அனுப்பப்பட்ட செம்மஞ்சேரியோ பெருமழை வந்தால் முதலில் தண்ணீர் நிற்கும் இடங்களில் ஒன்று. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி ஒருவனைத் தூக்கி, அவன் வேலைக்கும் பிள்ளையின் பள்ளிக்கும் பல மைலுக்கு அப்பால், வெள்ளம் வரும் வேறோர் இடத்தில் வைப்பதற்குப் பெயர் இரட்சிப்பாம்! ஆற்றில் சுவர் கட்டிய பெரிய கட்டடங்களுக்கு நோட்டீஸ் போயிற்று, அதற்குத் தடை உத்தரவும் வந்தது. குடிசைக்கு லாரி வந்தது.

இன்னொருவனையும் மறந்துவிடக்கூடாது. வெள்ளம் வடிந்தபின் சென்னையின் அழுகலை அள்ள வெளி ஜில்லாக்களிலிருந்து ஆயிரக்கணக்கான துப்புரவுத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். கையுறை, பூட்ஸ் போதாமல் அவர்கள் வேலை செய்ததைப் பத்திரிகைகள் அப்போதே எழுதின. அவர்கள் என்ன ஜாதியார் என்று நான் சொல்ல வேண்டுமா? மூழ்குவதற்குப் பள்ளத்து ஜாதி, அள்ளுவதற்குச் சேரி ஜாதி, பழி பேசுவதற்கு மேடை ஜாதி! கட்சிச் சண்டையில் இவர்கள் பெயர் வரவில்லை. ஏனெனில் இவர்கள் விஷயத்தில் கட்சிகளுக்குள் சண்டை இல்லை.

அரசியல் பேசக்கூடாதா?

இப்படிச் சொல்லுவதால், "ஆபத்துக் காலத்தில் அரசியல் பேசாதீர்கள்" என்று ஆளுகிறவர்கள் உபதேசிக்கிறார்களே, அந்தக் கட்சியில் நானும் சேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். அது இன்னும் பெரிய பித்தலாட்டம். மதகைத் திறந்தது சர்க்கார். மனைக்கு அனுமதி தந்தது சர்க்கார். குடிசையைப் பெயர்த்தது சர்க்கார். இதெல்லாம் அரசியல் இல்லாமல் பிறகு என்ன? "இயற்கையின் செயல்" என்பது "ஈசன் செயல்" என்பதன் புது மொழிபெயர்ப்புத்தான். மழை பெய்வது இயற்கையாக இருக்கலாம். பெய்த மழை யார் வீட்டில் நிற்க வேண்டும் என்பதை நிர்ணயித்தது மனிதன். ஆகையால் கேட்கத்தான் வேண்டும். ஆட்சியைத் தண்டிக்க வேண்டுமானால் தேர்தலில் தண்டிக்கத்தான் வேண்டும். ஆனால் தண்டித்ததோடு வேலை தீர்ந்தது என்று படுத்துவிட்டால் அடுத்த வெள்ளத்திலும் படுத்தபடியேதான் போவோம்.

இதற்கு ஒடிசாவைப் பாருங்கள். 1999ம் வருஷம் அக்டோபர் 29ந் தேதி அங்கே அடித்த பெரும்புயலில் ஏறக்குறைய 10,000 பேர் மாண்டார்கள். அங்கும் பழி கிளம்பிற்று. அவ்வாண்டு முடிவதற்குள் முதன்மந்திரி மாறினார். 2000ம் வருஷத் தேர்தலில் ஆண்ட காங்கிரஸ் தோற்றது. அத்தோடு நின்றிருந்தால் அடுத்த புயலிலும் அவ்வளவு பேர் செத்திருப்பார்கள். நிற்கவில்லை. ஆபத்து நிவாரணத்துக்கென்றே தனி ஸ்தாபனம் ஒன்று ஏற்படுத்தினார்கள். கடற்கரையோரம் புயல் காப்பகங்கள் கட்டினார்கள். எந்த ஊர்க்காரர் எந்தக் காப்பகத்துக்கு, யார் அழைத்துப்போவது என்று ஊருக்கு ஊர் பழக்கினார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். செத்தவர்கள் சில பத்துப்பேர். 2024 ஜூனில் அங்கே ஆட்சி வேறு கட்சிக்குப் போயிற்று. அக்டோபரில் டானா புயல் வந்தது. புதிய ஆட்சியும் அதே முறைப்படி லட்சக்கணக்கான ஜனங்களைக் கரையிலிருந்து நகர்த்திற்று. ஆள் மாறியும் முறை மாறவில்லை. நம் ஊரில் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆள் மாறினார், பழியும் இடம் மாறிற்று, பள்ளம் மாத்திரம் அப்படியே கிடக்கிறது.

நாம் கேட்க வேண்டியது

ஆகவே நாம் செய்ய வேண்டியது என்ன? எந்தக் கட்சி ஆண்டாலும் ஒரே கேள்வியைக் கேட்க வேண்டும். ஏரி மதகு எந்த மணிக்கு எவ்வளவு திறக்கப்பட்டது, யார் உத்தரவில் திறக்கப்பட்டது என்ற பதிவேட்டை அன்றன்றே வெளியிடு என்று கேட்க வேண்டும். திறக்குமுன் கீழே இருப்பவனுக்கு யார், எப்படிச் சொல்லுவது என்பதை மழைக்கு முன்பே எழுதி ஊர்தோறும் ஒட்டு என்று கேட்க வேண்டும். குழு போட்டால் அறிக்கையை ஜனங்களிடம் கொடு என்று கேட்க வேண்டும். உன் வட்டத்தில் எத்தனை ஏரி, குளம், கால்வாய் இருந்தது, அதில் எது எந்த உத்தரவினால் மறைந்தது என்ற கணக்கைத் தெருவில் எழுதி வை என்று கேட்க வேண்டும். நிவாரணப் பொட்டலத்தில் எந்தத் தலைவரின் படமும் கூடாது. குடிசையைப் பெயர்ப்பதற்கு முன் மாளிகையைப் பெயர்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும்.

கடைசியாக, கட்சித் தோழர்களுக்கு ஒரு சின்னப் பரீட்சை சொல்லி முடிக்கிறேன். அடுத்த மழையில் உங்கள் தலைவர் ஒரு குற்றச்சாட்டைச் சொன்னால், அதில் எதிரியின் பெயர் இருக்கும் இடத்தில் உங்கள் கட்சியின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். அப்பொழுதும் அதைக் கேட்க உங்களுக்குத் தைரியம் இருந்தால் கேளுங்கள். உங்கள் பின்னால் நாங்களும் வருகிறோம். தைரியம் இல்லையானால் அதற்குக் கை தட்டாதீர்கள். மாரியாத்தாளின் கோபத்தை நம்பினவன் கூழோடு தப்பினான். கட்சியின் கோபத்தை நம்புகிறவன் ஒவ்வொரு வெள்ளத்திலும் வீட்டையும், சில சமயம் பிள்ளையையும் கொடுத்துக்கொண்டிருக்கிறான். இதை யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.